கிருமி என்னும் சொல்லும் கடற்சாமந்தியும்

பிழையான எண்ணம் ஒன்று நாட்டில் நெடுங்காலம் நிலைபெற வேண்டுமானால் அதற்குப் படையும் வேண்டா, பணமும் வேண்டா. பிழையான சொல் ஒன்று போதும். அச்சொல் வீட்டில் தாயின் வாயிலும், பள்ளியில் ஆசிரியர் வாயிலும், வானொலியிலும் செய்தித்தாளிலும் நாள்தோறும் புழங்குமானால் எண்ணம் தானே வேரூன்றிவிடும். தமிழில் அத்தகைய சொல் ஒன்று உண்டு. ‘கிருமி’ என்பதே அச்சொல்.

பாகான் செராய் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனை நிறுத்தி, ‘பாக்டீரியா என்றால் என்ன?’ என்று கேட்டால், ‘கிருமி, ஐயா’ என்பான். ‘கிருமியை என்ன செய்ய வேண்டும்?’ என்று மேலும் கேட்டால், ‘கொல்ல வேண்டும், ஐயா’ என்பான். இரண்டு விடைக்கும் முழுப் புள்ளி வழங்கும் ஆசிரியர் பலர். ஆயினும் இரண்டும் தவறான விடைகள். அவை தவறு என்பதை மெய்ப்பிக்கப் பெரிய நூலகம் தேவையில்லை. கடலடியில் பூப்போல் விரிந்து கிடக்கும் கடற்சாமந்தி என்னும் சிற்றுயிர் ஒன்றே போதும்.

அச்சம் பெற்ற சொல்

கிருமி என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். புழுவையும் பூச்சியையும் குறித்த அச்சொல், பிற்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத நோய்முதல்கள் அனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. கெரியான் மாவட்டத்திற்குத் தமிழர் பெருந்தொகையினராக வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில், கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக. கரும்பு போய் இரப்பர் வந்தது. அந்தக் கூலிவரிசை வீடுகளில் பேதியும் வயிற்றுக்கடுப்பும் குளிர்காய்ச்சலும் குடும்பம் குடும்பமாக மக்களைக் கொண்டுபோயின. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கையைக் கழுவு, கிருமியை அழி என்று சொன்னவர்கள் உயிர்காத்தவர்கள். அவர்களைக் குறைகூறுவது நன்றியின்மை.

ஆனால், அச்சம் பெற்ற சொல்லை அறிவு வளர்ந்த பின்னரும் அப்படியே வைத்துக்கொள்வது நன்றியாகாது, அது சோம்பல். மலேரியாவை உண்டாக்குவது பாக்டீரியா அன்று. அது கொசுவின் வழியே குருதியில் புகும் ஓர் ஒட்டுண்ணி. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மலேசிய மக்களை வீட்டுக்குள் அடைத்து வைத்த நோயைத் தமிழ் ஊடகங்கள் பல ‘கிருமித்தொற்று’ என்று எழுதின; அதனை உண்டாக்கியதும் பாக்டீரியா அன்று, வைரசு. ஒட்டுண்ணி, வைரசு, பாக்டீரியா ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று தொடர்பற்ற மூவகை. மூன்றுக்கும் ஒரே பெயர்! ஆட்டையும் ஆந்தையையும் ஆலமரத்தையும் ஒரே பெயரால் அழைக்கும் மொழியை எவரேனும் வளமான மொழி என்பரோ? வைரசால் வரும் சளிக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தைக் கேட்டு வாங்கும் மக்கள் எல்லா மொழியிலும் உண்டு. தமிழரிடையே அந்தக் குழப்பத்திற்கு ஊட்டமளிப்பது இந்த ஒற்றைச் சொல்.

தொடக்கப்பள்ளி அறிவியற் பாடத்தில் நுண்ணுயிர்களின் நன்மையும் கூறப்படாமலில்லை. தயிர், தெம்பே, ரொட்டி என்னும் பட்டியல் அங்கே உண்டு. ஆனால் அந்தப் பட்டியலின் நோக்கைக் கூர்ந்து காண வேண்டும். மனிதனுக்கு உணவு தந்தால் நல்லது. நோய் தந்தால் கெட்டது. ஒன்று வேலைக்காரன், மற்றொன்று பகைவன். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் உறவு ஒன்று இயற்கையில் உண்டு. அந்த உறவைத்தான் கடற்சாமந்தி காட்டுகிறது.

பூவன்று, விலங்கு

கடற்சாமந்தி செடியின் பூவன்று, அது விலங்கு. ஓர் உருளை போன்ற உடல். அதன் மேல்முனையில் ஒரே வாய். வாயைச் சுற்றி இதழ்கள் போன்ற உணர்கைகள். அவற்றிலுள்ள கொட்டும் உயிரணுக்களால் இரையை மயக்கிப் பிடிக்கும். எலும்பு இல்லை, இரத்தம் இல்லை, மூளை இல்லை. பவளத்தை உண்டாக்கும் சிற்றுயிரும் இதே குடும்பத்து உறவு. வேறுபாடு ஒன்றே பெரிது: பவளவுயிர் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொள்ளும், கடற்சாமந்தி கட்டாது. கோடிக்கணக்கான கிண்ணங்கள் தலைமுறை தலைமுறையாக அடுக்கப்பட்டு வளர்ந்ததையே உலகம் பவளப்பாறை என்கிறது.

இங்கேயும் ஒரு சொற்பிழை மறைந்திருக்கிறது. ‘பாறை’ என்றதும் கேட்பவன் கல்லை நினைக்கிறான். மலாய்மொழியிலும் ‘பத்து காராங்’ என்னும் வழக்கில் கல்லே முன்நிற்கிறது. கல் என்று நினைத்ததை மனிதன் கல்லாகவே நடத்தினான். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. அங்கே பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்காகச் சூளையிலிட்டனர். 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. உயிரைக் கல் என்று அழைத்ததற்குக் கொடுத்த விலை அது.

பவளவுயிரின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை கதிரவன் ஒளியில் உணவு சமைத்து, அதன் பெரும்பகுதியைத் தம்மை வைத்திருக்கும் விலங்குக்குத் தருகின்றன. பவளத்தின் நிறமும் பெரிதும் அவற்றாலானதே. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை அளவு வெப்பம் கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிகிறது, பாசிகள் வெளியேறுகின்றன, பவளம் வெளுக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளலாம்; தணியாவிடில் பட்டினியால் மடிகிறது. மன்னார் வளைகுடா 2010இலும் 2016இலும் இவ்வாறு வெளுத்தது. மலேசியாவிலும் 2010இல் கடற்பூங்காக்களின் முக்குளிப்பு இடங்கள் சில, பவளம் தேறும் பொருட்டு மூடப்பட்டன. 2024இல் உலகளாவிய நான்காம் வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

பாசியின் கதை ஓரளவு பரவிவிட்டது. பாக்டீரியாவின் கதையோ பரவவில்லை. பவளத்தின் மேற்புறத்துச் சளிப்படலத்திலும், திசுவிலும், சுண்ணாம்புக் கூட்டிலும் வெவ்வேறு பாக்டீரியாக் குழாங்கள் வாழ்கின்றன. சுற்றியுள்ள கடல்நீரில் மிதப்பவை அப்படியே ஒட்டிக்கொண்டவை அல்ல அவை. அந்தந்தப் பவளத்திற்குரிய குடிகள். நைட்ரசன், கந்தகம் ஆகியவற்றின் சுழற்சியில் அவற்றுக்குப் பங்குண்டு. சில இனங்கள் உயிர்ச்சத்து தரவல்லவை. சில, நோய்தரும் இனங்கள் வந்து குடியேறாதபடி தடுக்கும் பொருள்களைச் சுரப்பவை. இவற்றை நல்ல வேலைக்காரர் என்பதா? வீட்டிலுள்ளவரை எவரும் வேலைக்காரர் என்று அழைப்பதில்லை.

குற்றவாளியைத் தேடிய கதை

கொல்லும் எண்ணம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டு அறிவியலும் அவ்வழியே சென்று திரும்பியதுதான். மத்தியதரைக் கடலின் இசுரேல் கரையில் வாழும் ஒரு பவளம் வெளுத்தபோது, யூஜின் ரோசன்பெர்க்கும் அவருடைய தோழர்களும் அதற்குக் காரணமான பாக்டீரியா ஒன்றைக் கண்டதாக 1996இல் அறிவித்தனர். விப்ரியோ இனத்தைச் சேர்ந்தது அது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று தோன்றியது. ஆனால் சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. அதே பவளம் அதே பாக்டீரியாவுக்கு இணங்காமல் எதிர்த்து நின்றது. பவளத்திற்கு மனிதனைப் போல் நோயை நினைவில் வைத்து எதிர்க்கும் பொருள்கள் குருதியில் உண்டாவதில்லை. அதற்குக் குருதியே இல்லை. பிறகு எப்படி எதிர்த்தது?

அந்த வினாவிலிருந்து பிறந்ததே அவர்கள் 2006இல் முன்வைத்த கருத்து: மாறியது பவளம் மட்டுமன்று, அதனோடு வாழும் பாக்டீரியாக் குழாமே மாறியிருக்க வேண்டும், சூழல் மாறும்போது குழாமின் அமைப்பை மாற்றிக்கொண்டு பவளம் தன்னைக் காத்துக்கொள்கிறது. வெளுப்புக்கு அந்தப் பாக்டீரியாதான் முதற்காரணமா என்பதையே பின்னர் வேறு ஆய்வாளர் மறுத்தனர். ஆயினும் வினா நிலைத்தது. ஒற்றைக் குற்றவாளியைத் தேடியவர்கள் ஒரு சமுதாயத்தைக் கண்டுகொண்டார்கள். தங்கள் கருத்தைத் தாங்களே திருத்திக்கொண்ட அந்தத் துணிவு தமிழ் வகுப்பறைக்கு எட்டவேண்டிய பாடம்.

கருத்தை மெய்ப்பிப்பது எளிதாயில்லை. பவளம் மெல்ல வளர்வது. பெரும்பாலான பவளங்கள் ஆண்டுக்கு ஒருமுறையே கருவணுக்களை வெளியிடும். தொட்டியில் வளர்ப்பதும் கடினம். இங்கேதான் கடற்சாமந்தி உதவிக்கு வந்தது. அயிப்டேசியா என்னும் சிறு கடற்சாமந்தி, மீன்தொட்டி வளர்ப்பவர்கள் களை என்று வெறுத்து அழிப்பது. துண்டு விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும். அதன் பாசிகளை நீக்கிவிட்டு உணவூட்டி வளர்க்கலாம். மீண்டும் பாசிகளைக் குடியேற்றலாம். பவளத்தில் செய்ய இயலாத இந்தச் சோதனை அதில் இயல்வதால், அது பவளத்தின் மாதிரியுயிராக உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இடம்பெற்றது. 2015இல் அதன் மரபுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. ஒருவனுக்குக் களையாக இருப்பது மற்றொருவனுக்குக் கண்திறக்கும் ஆசானாக இருக்கிறது.

மற்றொன்று நெமட்டோசுடெல்லா. வட அமெரிக்கக் கரையோர உப்பங்கழிகளில், கோலா குராவ் கழிமுகத்துச் சேறு போன்ற சேற்றில் புதைந்து வாழும் சின்னஞ்சிறு கடற்சாமந்தி அது. அதனுள் பாசி குடியிருப்பதில்லை. ஆகையால் பாக்டீரியாவின் பங்கைத் தனியே பிரித்துக் காண அது ஏற்றது. உடல் இரண்டாகப் பிரிந்தால் இரண்டும் முழுவுயிராகும் இயல்புடையதாதலின், மரபில் ஒன்றே போன்றவற்றை எத்தனை வேண்டுமாயினும் பெறலாம். செருமானிய ஆய்வாளர்கள் அத்தகையவற்றை 15, 20, 25 பாகை வெப்பங்களில் நெடுங்காலம் தனித்தனியே வளர்த்தனர். அவற்றின் பாக்டீரியாக் குழாங்கள் வெவ்வேறாயின. பிறகு கடும் வெப்பத்திற்கு உட்படுத்தியபோது, மிகுந்த வெப்பத்தில் பழகியவை தாங்கின. குளிரில் பழகியவை மடிந்தன. அடுத்த சோதனை இன்னும் வியப்புக்குரியது. வெப்பத்தில் பழகியவற்றின் பாக்டீரியாக்களைப் பழகாதவற்றுக்கு மாற்றினர். பெற்றுக்கொண்டவற்றின் தாங்கும் ஆற்றல் உயர்ந்தது. இம்முடிவுகள் 2022இல் வெளியாயின.

விலங்கின் மரபு ஒன்றே. மாறியது அதனோடு வாழும் குழாம். உயிர்பிழைத்தலும் மடிதலும் அக்குழாமைப் பொறுத்தும் அமைந்தன. ‘கிருமி, ஐயா, கொல்ல வேண்டும், ஐயா’ என்ற விடை இந்த இடத்தில் நிற்குமா? அவ்விடையின்படி அந்தத் தொட்டியில் கிருமிநாசினியை ஊற்றியிருந்தால், கடற்சாமந்தியின் காவலையே அழித்தவர்கள் ஆவார்கள்.

பவளத்திலும் இவ்வழி முயற்சிகள் நடந்துள்ளன. இரக்கேல் பெய்சோட்டோவும் அவருடைய குழுவினரும் பிரேசில் நாட்டுப் பவளம் ஒன்றுக்கு, அப்பவளத்திலிருந்தே பெற்ற நற்பாக்டீரியாக்களை ஊட்டினர். தொட்டியில் வெப்பத்திற்கு உட்படுத்தியபோது அதன் உயிர்பிழைப்பு 40 விழுக்காடு உயர்ந்ததாக 2021இல் வெளியிட்டனர். இதனைக் கண்டு, பவளத்திற்கு மருந்து கிடைத்துவிட்டது, இனிக் கடல் எவ்வளவு சூடானாலும் கவலையில்லை என்று துள்ளுவோரும் உண்டு. அவர்களையும் கண்டிக்கவே வேண்டும். தொட்டியின் வெற்றி கடலின் வெற்றியாகாது. சுண்ணாம்புக் கூடில்லாத கடற்சாமந்தி கூடுடைய பவளத்திற்கு எல்லாவகையிலும் ஈடாகாது. துணைவர் எவ்வளவு நல்லவராயினும், வீடு தீப்பற்றி எரியும்போது தீயை அணைப்பதே முதற்கடமை. கடல் சூடாவதைக் குறைக்காமல் பாக்டீரியாவை மட்டும் ஊட்டுவது எரியும் வீட்டில் விசிறிக்கொண்டிருப்பதை ஒக்கும்.

தடை சொல்வோர் மூவர்

இத்தகைய செய்தி தமிழ்ப்பள்ளிக்கு எதற்கு என்று கேட்போர் மூவகையினர்.

முதல்வகையினர், ‘இது கடலின் செய்தி, நெல்வயலின் பிள்ளைகளுக்கு இதனால் என்ன பயன்?’ என்பர். அவர்கள் தம் ஊரின் பெயரையே மறந்தவர்கள். பாகான் என்னும் மலாய்ச்சொல் படகு ஒதுங்கும் துறையைக் குறிக்கும். 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து கெரியான் வயல்களுக்குப் பாயும் நீர், வயலோடு நின்றுவிடுவதில்லை. உரத்தையும் பூச்சிமருந்தையும் சேற்றையும் சுமந்துகொண்டு மலாக்கா நீரிணையை அடைகிறது. அந்நீரிணையில் வடக்கே பாயார்த் தீவிலும், தெற்கே பேராக்கின் செம்பிலான் தீவுகளிலும் பவளங்கள் வாழ்கின்றன. உரச்சத்தும் கழிவுநீரும் மிகுந்த கடலில் பவளத்தின் பாக்டீரியாக் குழாம் கலைந்து, நோய்க்கு இடந்தரும் இனங்கள் பெருகுவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. ஆகவே வாய்க்காலில் வீசியெறியப்படும் மருந்துப்புட்டி பாகான் செராய் எல்லையோடு மறைந்துவிடுவதில்லை. நெல்வயலின் பிள்ளைக்கு இது தெரிய வேண்டாமெனில், வேறு எந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்?

இரண்டாம் வகையினர், ‘இதெல்லாம் ஆங்கிலத்திற்கே ஏற்றவை, தமிழில் சொன்னால் விளங்காது’ என்பர். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது இவர்கள் கைதட்டினர். 2009இல் அரசு அம்முடிவைக் கைவிடுவதாக அறிவித்தபோது முகஞ்சுளித்தனர். 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது மீண்டும் முகம் மலர்ந்தனர். ஆங்கிலம் கற்பது வேறு. தாய்மொழிக்குச் சிந்திக்கும் உரிமையை மறுப்பது வேறு. மேலே கூறப்பட்ட சோதனைகளுள் தமிழில் சொல்ல இயலாமற்போனது எது? இரப்பர்த் தோட்டத்தில் மரங்களுக்கிடையே அவரையினக் கொடிகளைப் படரவிட்டதைத் தாத்தா பாட்டியர் அறிவர். அக்கொடியின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கியது. கொடியையும் பாக்டீரியாவையும் பிரிக்க இயலாது என்பதைத் தோட்டத்து மண்ணே சொல்லிக்கொடுத்தது. அங்கிருந்து கடற்சாமந்திக்குச் செல்ல ஒரு வகுப்புவேளை போதும். விளங்காமை மொழியின் குறையன்று. விளக்க முயலாதவரின் குறை.

மூன்றாம் வகையினர் தமிழ்ப்பற்றாளர் என்ற பெயரோடு வருபவர். ‘இவையெல்லாம் பண்டைத் தமிழர் அறிந்தவையே; புதிதாகக் கற்க ஒன்றுமில்லை’ என்பர். இம்மூவருள் தமிழுக்கு மிகுந்த கேடு செய்பவர் இவரே. பண்டைத் தமிழர் முத்துக்குளித்தனர். பவளத்தை அணிகலனாகவும் வணிகப்பொருளாகவும் போற்றினர். அது பெருமையே. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் பாக்டீரியாவை அறிந்திருந்தனர் என்பது பெருமையன்று, பொய். முன்னோர் அறிந்ததை மதிப்பதற்கு, அவர் அறியாததை அவர்மீது ஏற்றவேண்டியதில்லை. பொய்ப்பெருமை சுவைத்துப் பழகிய மாணவன் மெய்யறிவைத் தேடி உழைக்க மாட்டான்.

திருத்த வேண்டியது எங்கே?

செய்ய வேண்டியது பெருஞ்செலவுடையதன்று. நோய் உண்டாக்குவதற்கு மட்டும் ‘நோய்க்கிருமி’ என்னும் பெயரை விட்டுவைக்கலாம். பொதுவாகச் சொல்லும்போது நுண்ணுயிர் எனலாம். இனத்தைக் குறிக்கும்போது பாக்டீரியா என்றும் வைரசு என்றும் பிரித்தே சொல்ல வேண்டும். ஓர் உயிரோடு சேர்ந்து வாழும் கூட்டத்தை ‘நுண்ணுயிர்க் குழாம்’ எனலாம். இதனினும் நல்ல சொல்லைக் கண்டவர் அதனையே வழங்கட்டும். பவளப்பாறை என்று எழுதும் முன்னர், பவளம் உயிர் என்பதை ஒருமுறையேனும் வகுப்பில் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடா மீனவர் கடலடித் திட்டைப் ‘பார்’ என்று வழங்குகின்றனர். அத்தகைய உழைப்பாளர் சொற்களையும் மாணவர் அறிய வேண்டும்.

‘பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றுதானே’ என்று தமிழாசிரியர் மட்டும் சொல்லலாகாது. சொல்லின் அருமையை விற்றுப் பிழைக்கும் தொழில் அவருடையது. ஒற்றுப்பிழைக்குச் சிவப்புமை இடும் கை, கருத்துப்பிழைக்கும் இட வேண்டும். துணையைப் பகை என்று எழுதுவதைவிடப் பெரிய பிழை எந்த விடைத்தாளில் உண்டு?

நாளை பாகான் செராயில் ஓர் ஆசிரியர், ‘பாக்டீரியா என்றால் என்ன?’ என்று கேட்கட்டும். மாணவன், ‘அது எந்த உயிரோடு, எப்படி வாழ்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஐயா’ என்று விடையளிக்கட்டும். அன்று அந்த வகுப்பறையில் ‘கிருமி’ என்னும் பழைய அச்சம் ஒழியும், அறிவு தொடங்கும். அந்த விடையைத் தமிழில் பெறும் நாளை விரைவில் கொண்டுவருவது தமிழாசிரியர் கடமை.